காட்சியும் செய்தியும்: ஹார்ப்பர் லீயின் புதினத்தில் இன அநீதி நினைவில் நிற்கும் முறை

ஆய்வுச்சுருக்கம்

ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960), அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிலவிய இன அநீதியைப் பேசும் புதினங்களுள் மிகுதியாகப் படிக்கப்படுவனவற்றுள் ஒன்று. கதைப்போக்கு மறந்த பின்னும் அதன் சில காட்சிகள் வாசகர் உள்ளத்தில் தங்குகின்றன. அவ்வாறு தங்குவதற்குக் காரணமான எடுத்துரைப்பு முறைகளை இக்கட்டுரை மூன்றாக வகுத்து ஆராய்கிறது: சிறுமியின் நோக்குநிலை, உடல் சான்றாக அமைதல், ஒரு காட்சி மற்றொரு காட்சியை எழுப்புதல். இவற்றோடு, எந்நிகழ்வுகள் காட்சியாக விரிகின்றன, எவை செய்தியாகச் சுருங்குகின்றன என்னும் பங்கீடும் ஆராயப்படுகிறது. நினைவில் நிற்கும் காட்சிகள் யாருடைய துயரை நினைவில் நிறுத்துகின்றன என்னும் வினாவுக்கு விடை இப்பங்கீட்டில் உள்ளது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஹார்ப்பர் லீ, இன அநீதி, காட்சி, எடுத்துரைப்பு, நோக்குநிலை, மெய்ப்பாடு, டோனி மாரிசன்.

முன்னுரை

இன ஒடுக்குமுறையைப் பொருளாகக் கொள்ளும் புதினம் ஓர் இடரை எதிர்கொள்கிறது. அநீதி பெரும்பாலும் சட்டமாகவும் வழக்கமாகவும் ஊரின் ஒழுங்காகவும் இயங்குவது. யார் எங்கே அமர வேண்டும், யார் யாரை எப்படி அழைக்க வேண்டும் என்னும் அன்றாட விதிகளில் அது கரைந்திருப்பதால் தனியே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனைக் கருத்துரையாக எடுத்துச் சொன்னால் வாசகர் உடன்படுவார். ஆயின் விரைவில் மறப்பார். புலப்படாத ஒழுங்கை ஒரு கணத்தில், ஓரிடத்தில், ஒருவர் உடலில் புலப்படச் செய்வதே காட்சியின் பணி.

1926இல் அலபாமா மாநிலத்தின் மன்ரோவில் என்னும் சிற்றூரில் பிறந்த ஹார்ப்பர் லீ இப்பணியில் பெரும் வெற்றி பெற்றவர். 1960 ஜூலையில் வெளிவந்த அவருடைய புதினம் 1961இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1962இல் ராபர்ட் மல்லிகன் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. மேகோம்ப் என்னும் கற்பனையூரில் 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் கதை நிகழ்கிறது. வெள்ளையினப் பெண்ணை வன்புணர்ந்ததாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனுக்காக வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபிஞ்ச் வாதிடுவதும், தெளிவான சான்றுகள் இருந்தும் நடுவர் குழு டாமைக் குற்றவாளி எனத் தீர்ப்பதும் அதன் மையம்.

இக்கதைக்கு வரலாற்றுப் பின்புலம் உண்டு. 1931 மார்ச்சில் அலபாமாவில் சரக்குத் தொடர்வண்டியில் சென்ற கறுப்பின இளைஞர் ஒன்பது பேர்மீது இரு வெள்ளையினப் பெண்கள் வன்புணர்வுக் குற்றம் சாட்டிய ஸ்காட்ஸ்பரோ வழக்கு நாட்டையே உலுக்கியது. புதினம் எழுதப்பட்ட 1950களின் பிற்பகுதியோ, பள்ளிகளில் இனப்பிரிப்பு செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பும் மான்ட்காமரிப் பேருந்துப் புறக்கணிப்பும் தென்மாநிலங்களைக் கொந்தளிக்கச் செய்திருந்த காலம். இவ்விரு காலங்களின் அழுத்தமும் புதினத்தில் உண்டு. எனினும் அதன் காட்சிகளுக்கு ஆற்றல் தருவது பின்புலம் மட்டுமன்று. அவை கட்டப்பட்ட முறையும் ஆகும்.

குறிப்பு காட்சியாதல்

காட்சி எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய அரிய சான்று ஒன்று கிடைத்துள்ளது. லீ 1957இல் பதிப்பகத்திடம் அளித்த கையெழுத்துப்படி வேறொன்று. அதுவே 2015இல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்னும் பெயரில் நூலாயிற்று. பதிப்பாசிரியர் டே ஹோஹாஃபின் வழிகாட்டுதலின்கீழ் லீ அதனைப் பலமுறை மாற்றியெழுதினார். நாயகியின் இளமைப்பருவம் கதைக்களம் ஆயிற்று.

முதற்படியில் வழக்கு ஒரு சிறு குறிப்பாகவே இடம்பெறுகிறது. வளர்ந்த பெண் தன் தந்தை முன்பு நடத்திய வழக்கை நினைவுகூர்கிறாள். குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பின இளைஞன் மர அறுவை ஆலை விபத்தில் ஒரு கையை இழந்தவன். வழக்கில் அவன் விடுதலை பெறுகிறான். செய்தி அவ்வளவே. வாசகர் அதனை அறிகிறார், காண்பதில்லை.

மாற்றியெழுதியபோது லீ மூன்று மாற்றங்களைச் செய்தார். குறிப்பு பல இயல்களுக்கு விரிந்தது. விடுதலை தண்டனையாக மாறியது. இழந்த கை, இருந்தும் பயன்படாத கையாயிற்று: சிறுவயதில் பஞ்சரைவை எந்திரத்தில் சிக்கிச் சிதைந்த டாமின் இடக்கை வலக்கையினும் ஓரடி குறுகி, உயிரற்றுத் தொங்குகிறது. மூன்றாம் மாற்றம் சிறிதெனத் தோன்றினும் இன்றியமையாதது. இல்லாத கை வழக்கில் ஒரு தகவல்; தொங்கும் கையோ காண்பதற்குரிய பொருள். இம்மாற்றமின்றி நீதிமன்றக் காட்சி இன்றுள்ள வடிவில் அமைந்திருக்க இயலாது.

அறியாச் சிறுமியின் கண்

கதையைச் சொல்பவள் ஸ்கௌட். வளர்ந்தபின் பின்னோக்கிச் சொல்கிறாள் எனினும் காட்சிகளுள் ஆறு வயது முதல் ஒன்பது வயதுக்குள் நிற்கும் சிறுமியின் கண்ணே செயற்படுகிறது. அவள் கண்டதைச் சொல்கிறாள். அதன் பொருளைப் பெரும்பாலும் அறிவதில்லை. கண்டதற்கும் அறிந்ததற்கும் இடையிலுள்ள வெளியை வாசகர் நிரப்ப வேண்டியுள்ளது. தாமே முயன்று கண்டடைந்த பொருள் எளிதில் மறவாது.

சிறைவாயில் காட்சி இதற்குத் தக்க சான்று. விசாரணைக்கு முந்திய இரவு, டாம் அடைக்கப்பட்டிருக்கும் சிறையின் வாயிலில் அட்டிகஸ் நாற்காலியிட்டு அமர்ந்து, வீட்டிலிருந்து கொணர்ந்த மின்விளக்கொளியில் நாளிதழ் படிக்கிறார். கார்களில் ஆடவர் கூட்டம் வந்திறங்குகிறது. டாமை வெளியே இழுத்துக் கொல்ல வந்த கூட்டம் அது. ஆயின் கொலை என்னும் சொல்லை ஸ்கௌட் பயன்படுத்துவதில்லை. அவளுக்கு அது தெரியாது. அவள் கூட்டத்திடையே ஓடிச்சென்று, தெரிந்த முகமாகிய கன்னிங்ஹாமைக் கண்டு, அவருடைய நிலச் சிக்கலைப் பற்றியும் தன்னோடு படிக்கும் அவர் மகனைப் பற்றியும் பேசுகிறாள். விருந்தினரோடு அவருக்கு விருப்பமானதைப் பேச வேண்டும் என்று தந்தை கற்பித்ததை அவள் பின்பற்றுகிறாள். கன்னிங்ஹாம் குனிந்து அவள் தோள்களைப் பற்றுகிறார். பின்னர்க் கூட்டத்தைத் திரும்ப அழைத்துச் செல்கிறார்.

அச்சத்தை உணர்த்தும் சொற்கள் இல்லாமையே இங்கு அச்சத்தை மிகுவிக்கிறது. நடக்கவிருந்தது என்ன என்பதை வாசகர் அறிவார், சிறுமி அறியாள். கூட்டத்தினரோ, அவள் அறியாமையின்முன் தாம் யார் என்பதைச் சற்றே அறிகின்றனர். கூட்டம் கலைந்தபின் மேலே இருளிலிருந்து டாமின் குரல், அவர்கள் போய்விட்டனரா என்று கேட்கிறது. அதுவரை பேச்சின் பொருளாக மட்டும் இருந்தவன் அவ்விருட்குரலால் மனிதனாகிறான். காட்சியின் மையம் யாருடைய உயிரோ அவர் முகம் காட்டப்படவில்லை என்பதும் இங்குக் குறித்தற்குரியது.

உடல் சான்றாதல்

நீதிமன்றக் காட்சி நெடியது. ஆயினும் வாசகர் நினைவில் நிற்பது வாதங்கள் அல்ல, கைகளே. மேயெல்லாவின் முகத்தின் வலப்புறத்தில் காயம் இருந்தது என்று ஷெரிஃப் சான்றளிக்கிறார். அவள் தந்தை பாப் யூவெல் தன் பெயரை எழுதுமாறு பணிக்கப்பட்டு இடக்கையால் எழுதுகிறார். பின்னர் டாம் எழுந்து நிற்க, அவன் இடக்கை உயிரற்றுத் தொங்குவதை மன்றம் காண்கிறது. சாட்சிக்கூண்டில் ஏறும்போது விவிலியத்தின்மேல் அக்கையை வைக்க முயல்கிறான். கை வழுக்கி எழுத்தரின் மேசைமேல் விழுகிறது. மீண்டும் முயலும்போது நீதிபதி போதுமென்கிறார்.

இங்குச் சான்று கருத்தாக அன்றிக் காட்சியாகவே அமைகிறது. மெய்யே கூறுவேன் என்று உறுதிகூற எழும் கை, தன்னால் அச்செயலைச் செய்திருக்க இயலாது என்பதைத் தானே கூறிவிடுகிறது. இடக்கையரின் எழுத்து, வலப்புறக் காயம், பயனற்ற இடக்கை ஆகிய மூன்றையும் இணைக்கும் பணி முதலில் வாசகரிடமே விடப்படுகிறது. அவர் நடுவர் குழுவின் ஒருவராகவே ஆகிவிடுகிறார். தம் தீர்ப்பை முன்னரே எழுதிவிடுகிறார். ஆகவே நடுவர் குழு வேறாகத் தீர்க்கும்போது மறுக்கப்படுவது டாமின் உரிமை மட்டுமன்று. வாசகர் தம் கண்ணால் கண்டதும் மறுக்கப்படுகிறது. இக்காட்சி மறவாமைக்கு இதுவே முதற்காரணம்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஊதியமின்றி மேயெல்லாவுக்கு ஏன் உதவினாய் என்ற அரசு வழக்கறிஞரின் வினாவுக்கு, அவள்மீது இரக்கப்பட்டதாக டாம் விடையளிக்கிறான். மன்றம் திடுக்கிடுகிறது. கறுப்பினத்தவன் வெள்ளையினத்தவள்மீது இரங்குதல் அவ்வூர் வகுத்த மேல் கீழ் ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. குற்றம் மெய்ப்பிக்கப்படாத வழக்கில் டாம் செய்த ‘குற்றம்’ இவ்விரக்கமே. அநீதியின் உள்ளமைப்பு முழுவதும் ஒரே விடையில் வெளிப்படுகிறது. கதைசொல்லி அதற்கு விரிவுரை கூறுவதில்லை.

எதிரொலிக்கும் காட்சிகள்

தனித்து நிற்கும் காட்சியினும் மற்றொன்றை எழுப்பும் காட்சி நெடுநாள் நிற்கும். புதினத்தின் முற்பகுதியில், பிப்ரவரி மாதத்தில், வெறிபிடித்த நாய் ஒன்று தெருவில் வருகிறது. தெரு வெறிச்சோடுகிறது. ஷெரிஃப் துப்பாக்கியை அட்டிகஸிடம் நீட்ட, அவர் ஒரே குண்டில் நாயை வீழ்த்துகிறார். அப்போது அது தந்தையின் திறனைப் பிள்ளைகள் கண்டுகொள்ளும் நிகழ்ச்சியாக மட்டுமே தோன்றுகிறது.

நடுவர் குழுவின் முடிவுக்காகக் காத்திருக்கும் கோடை இரவில், ஸ்கௌட்டுக்கு அந்தக் குளிர்காலக் காலையின் உணர்வு மீள்கிறது. நடுவர் குழுவினர் திரும்பி வரும்போது, தந்தை தெருவில் நடந்துசென்று துப்பாக்கியை உயர்த்துவதையும், அதில் குண்டில்லை என்பதைத் தான் அறிந்திருப்பதையும் போன்று அவள் உணர்கிறாள். தீர்ப்பு சொல்லப்படும் முன்பே வாசகர் தீர்ப்பை அறிந்துவிடுகிறார். நாய்க்காட்சி இங்கு இரண்டாம் பொருள் பெறுகிறது: ஊரைப் பற்றியிருக்கும் நோய் ஒரு குண்டால் தீராது.

தீர்ப்பின் கணத்தில் லீ உணர்ச்சிச் சொற்களைக் கையாள்வதில்லை. நீதிபதி நடுவர் ஒவ்வொருவரின் முடிவையும் உரைக்க, ‘குற்றவாளி’ என்னும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஜெம்மின் தோள்கள் குத்துண்டவைபோல் துடிக்கின்றன. உள்ளத்து உணர்வு உடல்வழி வெளிப்பட்டுக் காண்பார்க்குப் புலனாவதை மெய்ப்பாடு என்று தமிழ் இலக்கண மரபு வழங்கும். அச்சொல் இவ்விடத்திற்கு மிகப் பொருந்துகிறது. நடுவர் பன்னிருவரின் சொற்களும் ஒரு சிறுவனின் தோள்களில் விழுகின்றன. அதன்பின் அட்டிகஸ் வெளியேறும்போது, மாடத்தில் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர் அனைவரும் எழுந்து நிற்கின்றனர். ஸ்கௌட்டையும் எழுந்து நிற்குமாறு போதகர் சைக்ஸ் கூறுகிறார்.

எழுந்து நிற்கும் அக்காட்சியே புதினத்தின் புகழ்பெற்ற காட்சி. திரைப்படம் அதனை மேலும் பரப்பியது. ஐயம் தொடங்க வேண்டிய இடமும் அதுவே. தண்டிக்கப்பட்டவன் டாம், ஆனால் எழுந்து நிற்றல் அட்டிகஸுக்கு. டாம் அழைத்துச் செல்லப்படும் முகம் வாசகருக்குக் காட்டப்படுவதில்லை.

செய்தியாகச் சுருங்கியவை

தீர்ப்புக்குப்பின் நிகழும் இரு பெருநிகழ்வுகள் காட்சியாக்கப்படவில்லை. முதலாவது டாமின் இறப்பு. சிறைப்பண்ணையிலிருந்து தப்ப முயன்றபோது அவன் சுட்டுக்கொல்லப்பட்டான், உடலில் பதினேழு குண்டுகள் பாய்ந்திருந்தன என்பது அட்டிகஸின் வாய்மொழியாக வருகிறது. இரண்டாவது, அச்செய்தியை அவன் மனைவி ஹெலன் பெறும் கணம். அட்டிகஸ் வாய்திறக்கும் முன்பே அவள் நிலத்தில் வீழ்ந்ததை டில் காண்கிறான். டில் ஸ்கௌட்டிடம் கூற, ஸ்கௌட் வாசகருக்குக் கூறுகிறாள். எறும்பைக் காலால் மிதித்தாற்போல் அவள் வீழ்ந்தாள் என்னும் டில்லின் ஒப்புமை மட்டும் எஞ்சுகிறது.

டாமின் இறப்புச் செய்தி வரும் இடம் திறம்படத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. ஃபிஞ்ச் வீட்டுக் கூடத்தில் கிறித்தவப் பணிக்கழகப் பெண்கள் காபி அருந்துகின்றனர். தொலைநாட்டுப் பழங்குடியினரின் வறுமைக்கு உருகும் அவர்கள், தம் சமையலறையில் பணிபுரியும் கறுப்பினப் பெண் தீர்ப்புக்குப்பின் முகம் வாடியிருப்பதைக் குறைகூறுகின்றனர். அட்டிகஸ் சமையலறையில் செய்தியைச் சொல்லிவிட்டு, கல்பூர்னியாவை உடனழைத்துக்கொண்டு செல்கிறார். பின்னர் அத்தை அலெக்சாண்ட்ராவும் மிஸ் மோடியும் தம்மைத் தேற்றிக்கொண்டு கூடத்திற்குத் திரும்ப, ஸ்கௌட்டும் தின்பண்டத் தட்டை ஏந்திச் செல்கிறாள். ஒரு மனிதன் கொல்லப்பட்ட செய்தி, விருந்தோம்பலின் ஒழுங்கைக் குலைக்காமல் உள்ளறையிலேயே அடங்கிவிடுகிறது. அநீதி நாகரிகத்தோடு எவ்வளவு எளிதாக ஒத்துவாழும் என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டுதல் அரிது.

எனவே டாமின் இறப்பைச் செய்தியாக்கியது ஆசிரியரின் திறனின்மையால் அன்று. சிறுமி இல்லாத இடத்திற்குக் கதைசொல்லல் செல்லவியலாது என்பதும், ஊர் அந்த இறப்பை எவ்வாறு விழுங்கிற்று என்பதே லீயின் நோக்கு என்பதும் தகுந்த விளக்கங்களே. எனினும் அவ்விளக்கங்கள் விளைவை மாற்றுவதில்லை. அட்டிகஸின் துணிவு, ஜெம்மின் கண்ணீர், ஸ்கௌட்டின் கலக்கம் ஆகியன காட்சிகளாக விரிகின்றன. டாமின் சிறைநாள்களும் ஓட்டமும், ஹெலனின் துயரும் பிறர் வாய்வழிச் செய்திகளாகின்றன. கல்பூர்னியா அந்தப் பயணத்தில் கண்டதை அவள் வாயால் வாசகர் கேட்பதில்லை. அட்டிகஸின் அறநிலை குறித்து மன்ரோ ஃப்ரீட்மன் 1992இலும் மால்கம் கிளாட்வெல் 2009இலும் எழுப்பிய வினாக்கள் பெரிதும் பாத்திரப் பண்பைப் பற்றியவை. அவ்வினாக்களுக்கு எடுத்துரைப்பு நிலையிலும் ஓர் அடிப்படை உண்டு: நினைவில் நிற்கும் உரிமை புதினத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை.

மாரிசனின் மாற்றுவழி

இவ்வினாவுக்கு மறுதலையான விடை டோனி மாரிசனின் ‘பிலவட்’ (1987) புதினத்தில் காணப்படுகிறது. கென்டக்கியிலிருந்து ஒகையோவுக்குத் தப்பி வந்த மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப்பெண், 1856இல் தன்னைப் பிடிக்க வந்தோரிடம் குழந்தைகள் சிக்காதிருக்கத் தன் மகளைக் கொன்ற நிகழ்வு அதன் வித்து. புதினத்தில் சேத்தி தன் மகளைக் கொட்டகையில் கொல்லும் நிகழ்வை மாரிசன் முதலில் முழுமையாகக் காட்டுவது, அவளைப் பிடிக்க வந்த வெள்ளையரின் நோக்குநிலை வழியாகத்தான். இழந்த உடைமையின் மதிப்பைக் கணக்கிடும் கண்ணோடு வாசகர் அக்கொட்டகைக்குள் நுழைய நேர்கிறது. அநீதி செய்பவர் கண்ணுள் வாசகரை நிறுத்துவதால் அக்காட்சி தாங்கவியலாததாகிறது.

ஆயின் மாரிசன் அங்கு நிறுத்தவில்லை. அடுத்து நாளிதழ் நறுக்கு ஒன்று வருகிறது. படிக்கத் தெரியாத பால் டி, அதிலுள்ள படத்தின் வாய் சேத்தியுடையதன்று என மறுக்கிறான். இறுதியில் சேத்தியே சமையலறையைச் சுற்றிச்சுற்றி நடந்தவாறு, நேராகச் சொல்லவியலாததைச் சொல்ல முயல்கிறாள். ஒரே நிகழ்வு வேட்டையாடுவோரின் பார்வையாகவும், அச்செய்தியாகவும், பாதிக்கப்பட்டவரின் சொல்லாகவும் மூன்றுமுறை வருகிறது. செய்தி போதாது என்பதே அங்குக் கதைப்பொருளின் பகுதியாகிறது. லீயின் புதினத்தில் ஹெலன் வீழ்ந்ததோடு செய்தி முடிகிறது. மாரிசனின் புதினத்தில் செய்திக்கு அப்பால் ஒரு பெண் பேசத் தொடங்குகிறாள்.

இவ்வொப்பீடு லீயைத் தாழ்த்துவதற்கன்று. அநீதியின் பயனை நுகரும் ஊருக்குள் நின்று, அவ்வூரின் பிள்ளைகள் அதனைக் கண்டறியும் கதையை லீ எழுதினார். அநீதிக்கு ஆளானோரின் உள்ளிருந்து மாரிசன் எழுதினார். முன்னது காண்போரின் மனச்சான்றை எழுப்புகிறது. பின்னது கண்டறியப்படுவதற்குக் காத்திராத மனிதரைக் காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படுவன:

1. இன அநீதியைப் பேசும் புதினத்தில் காட்சி நினைவில் நிற்பதற்கு உணர்ச்சிச் சொற்கள் காரணமல்ல. கதைசொல்லி அறியாததை வாசகர் அறியுமாறு அமையும் இடைவெளியும், கை, தோள் போன்ற உடற்கூறுகள் சான்றாக நிற்றலும், முற்காட்சி பிற்காட்சியில் புதுப்பொருள் பெறுதலும் காரணங்களாகும்.

2. முதற்படியின் சிறு குறிப்பு நீதிமன்றக் காட்சியாக விரிந்த வரலாறு, காட்சி என்பது மாற்றியெழுதலில் தேர்ந்து கட்டப்படுவது என்பதை உறுதிசெய்கிறது.

3. எது காட்சி, எது செய்தி என்னும் பங்கீடு வெறும் உத்தியன்று, அது அறத்தெரிவு. ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ புதினத்தில் அநீதியைக் கண்டவர்களின் துயர் பெரிதும் காட்சியாகவும், அதற்கு ஆளானவர்களின் துயர் பெரிதும் செய்தியாகவும் அமைந்துள்ளன.

நீதிமன்றத்தில் வழுக்கி விழுந்த கை இப்பங்கீட்டுக்கு விலக்காக நிற்கிறது. அங்கு மட்டும் டாம் பிறர் சொல்லும் செய்தியாக இல்லை. தன் உடலால் தானே சான்றளிக்கிறான். வகுப்பறைகளில் இப்புதினத்தைப் பயிற்றுவிப்போர், எழுந்து நிற்கும் மாடத்திற்கு முன் அந்தக் கையில் சற்றுத் தங்குவாராயின், புதினம் தன் புகழுக்கு மறைத்த பகுதியையும் மாணவர் காண இயலும்.